நீரிழிவும் நூறு மருந்தும்

நம்மவரிடையே ஒருவருக்கு நீரிழிவு கண்டுவிட்டது என்னும் செய்தி பரவுமாயின், நலம் விசாரிக்க வருவோர் எவரும் வெறுங்கையோடு வருவதில்லை. தோடம்பழமும் விசுக்கோத்தும் கொண்டுவந்த காலம் போய், இன்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு மருந்தோடு வருகின்றனர். ஒருவர் வெந்தயத்தை இரவில் ஊறவைத்து விடியலில் விழுங்கச் சொல்வார். மற்றொருவர் பாகற்காய்ச் சாற்றைப் பரிந்துரைப்பார். சிறுகுறிஞ்சா இலை, நாவல் விதைத்தூள், ஆவாரம்பூ, கொவ்வை இலைச் சுண்டல், கடலழிஞ்சில் மரத்திற் கடைந்த கோப்பை என்று வரிசை நீளும். அண்மைக் காலத்திலே கடல் கடந்து வாழும் பிள்ளைகள் அனுப்பிவைக்கும் போத்தல்களும் இவ்வரிசையிற் சேர்ந்துள்ளன. கறுவா வில்லை, குரோமியக் குளிசை, மீனெண்ணெய், விற்றமின் டி என அவை பல பெயருடையன.

இவற்றுள் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதே இக்கட்டுரையின் பொருள். நான் வைத்தியன் அல்லேன். தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். நீரிழிவோடு பதினாறு ஆண்டு வாழ்பவன். சொல்லைப் படித்து அதன் பொருளை ஆராய்வதே என் தொழிலாயிருந்தமையால், மருந்துப் போத்தலின் மேல் அச்சிட்ட சொற்களையும் அவ்வாறே படித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டாயிற்று. அதன் பயனாய் அறிந்தவற்றை ஆசிரிய நண்பர்களும் மாணவரும் ஆராய்ந்து கொள்வாராக.

பெயரும் நோயும்

நீரிழிவு என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இழிதல் என்பது இறங்குதல், வழிந்தோடுதல் என்னும் பொருளுடையது. நீர் தங்காது வழிந்தோடும் நோய் என்பதே இப்பெயரின் கருத்து. மேனாட்டார் வழங்கும் டயபிற்றிஸ் என்னும் கிரேக்கச் சொல்லும் ஊடுருவி வழிந்து செல்லுதல் என்னும் இதே கருத்தைத் தருவதாகும். கி.பி. 2-ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த கப்படோசிய நாட்டு அறத்தேயுசு என்னும் மருத்துவன் இப்பெயரால் இந்நோயை விரித்துரைத்தான். ஒருவரையொருவர் அறியாத இரு மொழியினர் ஒரே காட்சியைக் கண்டு ஒரே வகையாகப் பெயரிட்டமை வியக்கத்தக்கது. பண்டை இந்திய மருத்துவர் இன்னும் ஒருபடி மேலே சென்று, நோயாளரின் சிறுநீரை எறும்பு நாடி வருதலைக் கண்டு மதுமேகம் என்றனர்.

பெயர் இவ்வளவு பழையதாயினும், நோயின் காரணம் நெடுங்காலம் மறைந்தே இருந்தது. 1776-இல் இங்கிலாந்தின் மத்தேயு டொப்சன் சிறுநீரின் இனிப்புக்குக் காரணம் சீனியே எனவும், இரத்தத்திலும் அது உண்டு எனவும் காட்டினார். 1889-இல் மிங்கோவ்ஸ்கி, வொன் மேரிங் என்னும் இருவர் நாயொன்றின் சதையியை அகற்றியபோது அதற்கு நீரிழிவு உண்டாகக் கண்டனர். 1921-இல் கனடாவின் ரொறன்ரோ நகரிலே பான்ரிங், பெஸ்ற் என்னும் இருவர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்திற் சதையியிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தனர். கொலிப் என்னும் இரசாயன அறிஞர் அதனைத் தூய்மை செய்தார். 1922 சனவரியில், மரணத்தின் வாயிலில் நின்ற லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது ஊசிவழி ஏற்றப்பட்டது. முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. தூய்மை செய்த மருந்தை மீண்டும் ஏற்றியபின் அவன் தேறினான். அதுவே இன்சுலின். அதன் உரிமையைக் கண்டுபிடித்தோர் தலைக்கு ஒரு டொலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு ஈந்தனர். மருந்தின் பெயரால் மனிதரை ஏய்க்கும் வாணிகத்தைப் பற்றிப் பேசப் புகுமுன், இந்த ஒரு டொலரை நினைவிற் கொள்ளுதல் நன்று.

ஒரு தேக்கரண்டிச் சீனி

வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடும் இரத்தம் ஏறத்தாழ ஐந்து லீற்றர். நலமுள்ளவரின் வெறுவயிற்று இரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் குளுக்கோசோ ஒரு தேக்கரண்டி அளவினதே. நாம் உண்ணும் சோறு, பிட்டு, இடியப்பம், பாண் ஆகிய அனைத்தும் செரித்துக் குளுக்கோசாகி இரத்தத்திற் புகுகின்றன. அவ்வாறு புகும் பெருவெள்ளத்தை உடனுக்குடன் தசைக்கும் ஈரலுக்கும் கொழுப்புக்கும் அனுப்பி, அந்த ஒரு தேக்கரண்டி அளவை மாறாது காப்பது இன்சுலினின் தொழில். முதலாம் வகை நீரிழிவில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களே அழிந்துவிடுகின்றன. அந்நோயாளர் இன்சுலின் ஊசியின்றி வாழ இயலாது. நம்மிடையே மிகுதியாய்க் காணப்படும் இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தும் உடல் அதன் ஏவலுக்கு முழுதும் இசைவதில்லை. காலப்போக்கிற் சுரப்பும் தளர்கின்றது.

வெறுவயிற்றில் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ குளுக்கோசு இருப்பின் அது நீரிழிவு. 100 முதல் 125 வரை இருப்பின் நீரிழிவின் வாயிற்படி. அறிகுறி வெளிப்படையாக இல்லாதவிடத்து ஒரே பரிசோதனையைக் கொண்டு முடிவு கட்டாது, மீண்டும் ஒரு முறை பார்ப்பது முறை. 2005, 2006-ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடாத்திய நாடளாவிய ஆய்வொன்று, வளர்ந்தோரிற் பத்தில் ஒருவருக்கு நீரிழிவும், ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்னிலையோ உண்டென்று கண்டது. ஒரு பாடசாலையின் ஆசிரியர் அறையில் இருபது பேர் இருப்பின், அவர்களுள் நால்வரை இவ்விடயம் தொடும் என்க.

இனி, ஏ1சி என வழங்கும் பரிசோதனை. இரத்தத்தின் செங்கலம் ஏறத்தாழ 120 நாள் வாழ்வது. அதிலுள்ள ஈமோகுளோபினோடு குளுக்கோசு எவ்வளவு ஒட்டியுள்ளது என்பதை அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலை புலப்படும். 7 வீதம் என்பது சராசரியாக 154 மில்லிகிராமைக் குறிக்கும். 8 வீதம் 183-ஐக் குறிக்கும். காலையில் விரல்நுனியிற் பார்க்கும் அளவு ஒரு நாட் சோதனை என்றால், ஏ1சி தவணைப் பரீட்சையாகும். பரிசோதனைக்கு முதல்நாள் மட்டும் இரவுணவைத் துறந்து நல்ல பிள்ளையாய்ப் போகும் தந்திரம் இங்கே செல்லாது. குருதிச்சோகையும் தலசீமியாவும் உடையோரில் இக்கணக்குப் பிழைக்கும் என்பதையும் உடன் அறிதல் வேண்டும்.

இவ்வளவு எண் ஏன் என்று கேட்கலாம். பிரித்தானியாவில் 1977-இல் தொடங்கி இருபது ஆண்டு நடந்து, 1998-இல் முடிவு வெளியிட்ட பேராய்வு ஒன்று 5,102 பேரைச் சேர்த்திருந்தது. அதில் ஏ1சியை 7.9-இல் விட்டோரிலும் 7.0-க்குக் குறைத்தோருக்குக் கண், சிறுநீரகம் முதலிய நுண்குழாய்க் கேடுகள் நாலில் ஒரு பங்கு குறைந்தன. ஒரு வீதத்துக்கும் குறைந்த வேறுபாடு ஒருவனுடைய கண்ணொளியைக் காக்க வல்லது. ஆயின் மிகக் குறைத்தலும் ஆபத்தே. 10,251 பேரைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த மற்றோர் ஆய்வில், நெடுங்கால நோயாளரின் ஏ1சியை 6-க்குக் கீழ் இறக்கக் கடுமுயற்சி செய்த பிரிவிலே மரணம் மிகுந்தமையால், 2008-இல் அப்பகுதியை இடைநிறுத்தினர். ஆகவே, குறைவு என்பதே நலம் அன்று. அவரவர் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ற அளவே நலம். திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்துக்கு மருந்து என்று பெயர். ஆயினும் அதன் பெரும்பகுதி உண்ணும் அளவையே பேசுகின்றது. அப்புலவர் காட்டிய அளவென்னும் சொல்லை இந்நோயில் எங்கும் காணலாம்.

அடுக்களையில் உள்ள மருந்து

அளவு முதலில் தட்டிலே தொடங்க வேண்டும். ஒரு தேநீர்க் கோப்பை சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாச்சத்து உண்டு. மூன்று கோப்பை சோற்றை மலையாய்க் குவித்து, ஓரத்தில் இரு கரண்டி கறி வைக்கும் வழக்கமே நம் வீடுகளிற் பெரும்பான்மை. அதனைத் தலைகீழாக்கி, தட்டின் பாதியை மரக்கறியும் கீரையும், காற்பங்கை மீனோ பருப்போ முட்டையோ, எஞ்சிய காற்பங்கைச் சோறு கொள்ளுமாறு செய்தால், எந்தப் போத்தலும் தராத பயனை அது தரும்.

குரக்கனைப் பற்றி ஒரு சொல். குரக்கன் பிட்டு நீரிழிவுக்கு மருந்து என்று எண்ணி அளவின்றி உண்போரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நூறு கிராம் குரக்கன் மாவில் ஏறத்தாழ 70 கிராம் மாச்சத்து உண்டு. அரிசியிலே அதனினும் சற்றே மிகுதி. குரக்கனில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதலென்பது மெய்யே. ஆயினும் அது மாவே. கூழாய்க் காய்ச்சினால் விரைவிற் செரித்து இரத்தத்திற் சேரும். பனங்கட்டியும் அத்தகையதே. வெள்ளைச் சீனியை விலக்கிப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் அருந்துவோர் சீனியின் நிறத்தை மாற்றினரேயன்றிச் சீனியை மாற்றவில்லை. தேனுக்கும் இவ்விதியே.

உணவின் பின் நடைக்கு வருவோம். 2002-இல் அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்த ஆய்வு, நீரிழிவின் வாயிலில் நின்றோர் வாரம் 150 நிமிட நடையும் சிறிது எடைக்குறைப்பும் மேற்கொண்டபோது நோய் முற்றுதல் 58 வீதம் குறையக் கண்டது. மெற்போமின் குளிசை உண்டோரில் அது 31 வீதமே குறைந்தது. அது வெள்ளையர் உடலுக்கு உரிய கணக்கன்றோ என்று ஐயுறுவோர் சென்னையை நோக்குக. அங்கே மருத்துவர் இராமச்சந்திரனும் குழுவினரும் 531 பேரிடம் நடாத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவு நடை மாற்றத்தால் 28.5 வீதம் குறைவு உண்டாயிற்று. நம்மவர் உடலிற் பயன் சற்றுச் சுருங்கியதெனினும், குளிசையிலும் குறைந்துவிடவில்லை. காசு செலவில்லாத இந்த மருந்தை விற்பாரில்லாமையால், இதனை விளம்பரம் செய்வாரும் இல்லை.

மாறும் என்னும் சொல்

என்னோடு முப்பது ஆண்டு கற்பித்த நண்பர் ஒருவர் கணித ஆசிரியர். நிறுவாத ஒன்றை மெய்யென்று கொள்ளாதீர் என்று மாணவர்க்கு நாள்தோறும் போதித்தவர். அவருக்கு நீரிழிவு கண்டு ஏழாவது ஆண்டில், வீடு தேடி வந்த விற்பனையாளன் ஒருவனிடம் தூள் ஒன்றை வாங்கினார். தொண்ணூறு நாளில் நோயை வேரோடு களையும் என்று அதனோடு வந்த தாள் கூறிற்று. குளிசையோடு சேர்த்தால் தூள் வேலை செய்யாது என்று விற்றவன் சொல்ல, அவர் குளிசையை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் யாதொரு துன்பமும் தோன்றவில்லை. தோன்றாமையை அவர் குணம் என்று கொண்டார். நீரிழிவின் கொடுமையே அதுதான். கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் அது ஓசையின்றியே அரித்துவிடும். ஒரு நாட் பாதத்தில் முள் தைத்தது. நரம்பு மரத்திருந்தமையால் அவர் அதனை உணரவில்லை. புண் சீழ் கட்டி நாற்றம் எழுந்த பின்னரே வீட்டார் கண்டனர். வலக்காலின் இரு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

வைத்தியசாலைக் கட்டிலில் அவரைக் கண்டபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "மாஸ்ரர், கிளினிக்கிலை விடியப்பறம் போய் நம்பர் எடுத்து மத்தியானம் மட்டும் இருக்கிறன். டொக்டருக்கு என்னோடை கதைக்க மூண்டு நிமிசம். 'கட்டுப்பாட்டிலை வைச்சிருங்கோ' எண்டு சொல்லி விடுவினம். தூள் கொண்டந்தவன் என்ரை வீட்டு விறாந்தையிலை ஒரு மணித்தியாலம் இருந்து கதைச்சவன். 'மாறும்' எண்டு சொன்னான். மாறும் எண்ட சொல்லைக் கேக்கத்தானே வருத்தக்காரன் காத்திருக்கிறான்."

இச்சொற்களை நான் பலநாள் நினைத்ததுண்டு. என் நண்பர் அறிவிலார் அல்லர், ஆறுதலின்றி இருந்தவர். போத்தலையும் தூளையும் விற்போர் மருந்தோடு கேட்கும் செவியையும் நம்பிக்கையையும் சேர்த்தே விற்கின்றனர். அரச வைத்தியசாலையிலே இலவசமாய்க் கிடைக்கும் மருந்து, நெரிசலின் காரணமாக அவ்விரண்டும் இல்லாமலே கிடைக்கின்றது. ஆகவே, ஏமாந்தவரை எள்ளி நகையாடுவதால் இக்கேடு ஒழியாது.

போத்தலின் மேற் சொற்கள்

இனிச் சொற்களைப் படிப்போம். வெளிநாட்டுப் போத்தல்களில், ஆரோக்கியமான சீனி அளவைப் பேண உதவக்கூடும் என்னும் பொருளில் ஒரு தொடர் காணப்படும். உதவும் என்றிருந்தால் அது உறுதிமொழி. உதவக்கூடும் என்பது உறுதியிலிருந்து நழுவும் சொல். மேலும், ஆரோக்கியமான அளவைப் பேணுதல் என்பது முன்னரே ஆரோக்கியமாய் உள்ளவனைக் குறிக்கும். நோயாளனுக்கு அதில் வாக்குறுதி யாதும் இல்லை. எந்த நோயையும் குணமாக்கும் நோக்கமுடையதன்று என்று சிற்றெழுத்தில் ஒரு வரி அடியிற் கிடக்கும். அமெரிக்காவில் 1994-இல் இயற்றிய சட்டத்தின்படி, இத்தகைய சத்துக் குளிசைகளின் பயனை விற்பனைக்கு முன் அரசுக்கு நிறுவ வேண்டியதில்லை. அதனாலேயே சொற்கள் இவ்வாறு வளைந்து நெளிகின்றன. பெரிய எழுத்து விற்பவனுக்காகவும் சிறிய எழுத்து அவனுடைய வழக்கறிஞனுக்காகவும் எழுதப்பட்டவை.

சொல்லை விடுத்து ஆய்வைப் பார்த்தால் நிலைமை என்ன? நம் நாட்டின் புகழ்பெற்ற கறுவாவில் தொடங்குவோம். 2003-இல் பாகிஸ்தானில் 60 பேரிடம் நடந்த ஆய்வு, நாற்பது நாளிற் கறுவா சீனியைக் குறைத்ததெனக் கூற, உலகெங்கும் கறுவாக் குளிசை பெருகிற்று. பின்னர் 2012-இல் கொக்கிரேன் அமைப்பினர் 577 பேர் பங்குகொண்ட பத்து ஆய்வுகளை ஒருங்கே நிறுத்திப் பார்த்து, நீரிழிவுக்குக் கறுவாவைப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என முடிவுரைத்தனர். இதில் இன்னொன்றும் உண்டு. பாகிஸ்தானில் ஆராய்ந்தது நம் இலங்கைக் கறுவா அன்று. காசியா எனும் தடித்த பட்டை. வெளிநாடுகளில் மலிவாய் விற்பதும் பெரும்பாலும் அதுவே. அதில் ஈரலுக்குக் கேடு செய்யவல்ல கூமரின் என்னும் பொருள் மிகுதி. 60 கிலோ எடையுள்ளவர் நாளும் கொள்ளத்தக்க 6 மில்லிகிராம் எல்லையை ஒரு தேக்கரண்டித் தூளே தாண்டிவிடக்கூடும். நம் கறுவாவில் அப்பொருள் மிகச் சொற்பம். ஆகவே, கறிக்குக் கறுவா இடுக. மருந்தென்று கரண்டி கரண்டியாய் விழுங்கற்க.

பாகற்காயைப் பற்றியும் கொக்கிரேன் அமைப்பினர் அதே ஆண்டில் 479 பேரைக் கொண்ட நான்கு ஆய்வுகளை நோக்கிப் போதிய சான்றில்லை என்றனர். வெந்தயத்தின் நார் உணவு செரிப்பதைத் தாமதிக்கச் செய்யும். சிறிய ஆய்வுகள் சில அதற்கு ஆதரவாயுள்ளன. கடலழிஞ்சிலின் வரலாறு சுவையானது. சிங்களத்திற் கொத்தல ஹிம்புட்டு எனப்படும் இக்கொடியிலிருந்து 1997-இல் யப்பானிய அறிஞர் சலாசினோல் என்னும் பொருளைப் பிரித்தனர். மாவைக் குளுக்கோசாகப் பிளக்கும் நொதியத்தை அது தடுக்கின்றது. அக்காபோஸ் என்னும் மருந்தின் செயலும் இதுவே. இலங்கையில் 51 நோயாளரிடம் நடந்து 2005-இல் வெளிவந்த ஆய்வில், இக்கொடி சேர்ந்த தேநீரை மூன்று மாதம் அருந்தியபோது ஏ1சி சிறிதளவு குறைந்தது. முன்னோர் கண்ட கோப்பையிற் பொருள் இருந்தது என்பதற்கு இது சான்று. ஆயினும் 51 பேரும் மூன்று மாதமும் பேராய்வின் 5,102 பேருக்கும் இருபது ஆண்டுக்கும் ஈடாகா.

மேனாட்டுச் சத்துக் குளிசைகளுள் குரோமியத்தைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றோடொன்று மாறுபடுகின்றன. விற்றமின் டி நீரிழிவைத் தடுக்குமா என்று 2,423 பேரிடம் நடந்த ஆய்வு, 2019-இல் உறுதியான பயன் இல்லை என்றது. நீரிழிவாளர் 15,480 பேருக்கு மீனெண்ணெய் வில்லையையும் வெற்று வில்லையையும் பகுத்துக் கொடுத்த ஆய்வில், 2018-இல் வெளியான முடிவின்படி, மாரடைப்பு முதலிய இதய இரத்தக்குழாய்க் கேடுகள் இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் நேர்ந்தன. மீனெண்ணெய்க்குப் பதிலாகச் சூடை மீனையே கறியாக்கி உண்பது சுவையாவது தரும்.

பயனின்மை மட்டும் ஆயின் பணத்தோடு போகும். கலப்படமோ உயிரோடு போகும். 2008-இல் சிங்கப்பூரிலே, ஆண்மைக்கென்று திருட்டுத்தனமாய் விற்ற மருந்துகளில் கிளிபென்கிளமைட் என்னும் நீரிழிவுக் குளிசை மருந்து மறைவாய்க் கலந்திருந்தது. ஐந்து மாதத்துள் ஏறத்தாழ 150 பேர் இரத்தச் சீனி வீழ்ந்து வைத்தியசாலை சேர்ந்தனர், நால்வர் மாண்டனர். 2004-இல் பொஸ்ரன் நகரக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆசெனிக்கோ காணப்பட்டது. மூலிகைத் தூள் ஒன்று அற்புதமாய்ச் சீனியைக் குறைக்கின்றதாயின், அதனுள் மறைந்திருப்பது மூலிகைதானா என்று முதலில் ஐயுறுதல் அறிவுடைமை.

இலையிற் பிறந்த குளிசை

இவ்வளவு கூறியமையால் நான் மூலிகையின் பகைவன் என்று கொள்ளற்க. உலகில் இரண்டாம் வகை நீரிழிவுக்கு மிகுதியாய் வழங்கும் மெற்போமின் குளிசையின் மூலமே ஒரு செடிதான். கலேகா என்னும் அச்செடியை ஐரோப்பியர் பல நூற்றாண்டு மருந்தாய்ப் பயன்படுத்தினர். அதிலுள்ள பொருள் நஞ்சுடையது. கால்நடைகளைக் கொல்லவும் வல்லது. அதனோடு உறவுடைய குவானிடின் சீனியைக் குறைக்கும் என்பதை 1918-இற் கண்டனர். 1922-இல் மெற்போமினை ஆக்கினர். 1957-இல் பிரான்சின் ஜீன் ஸ்ரேர்ண் அதனை நோயாளருக்குக் கொடுத்த முடிவை வெளியிட்டார். அதன் உறவான பென்போமின் உயிருக்கு ஆபத்து விளைத்தமையால் 1970-களின் பிற்பகுதியிற் பல நாடுகளில் விலக்கப்பட்டது. இலைக்கும் குளிசைக்கும் இடையே உள்ளது சோதனை, அளவு, தவறு கண்டவிடத்து விலக்கும் நேர்மை ஆகியனவே. இயற்கையா செயற்கையா என்னும் வினாவைவிட, அளந்து பார்த்தார்களா என்னும் வினாவே பெரிது.

சத்துக் குளிசை உண்மையிலேயே வேண்டப்படும் இடமும் உண்டு. மெற்போமினை நெடுங்காலம் உண்போரிற் சிலருக்கு விற்றமின் பி12 குறையும். குறைந்தால் கால் விறைத்து எரியும். அது நீரிழிவின் நரம்புக்கேட்டையே ஒத்திருக்கும். ஆதலால் பல ஆண்டு அக்குளிசையை உண்போர் பி12 அளவைப் பரிசோதிக்குமாறு தம் வைத்தியரைக் கேட்பாராக. குறைந்திருப்பின் உண்க, குறையாதிருப்பின் வேண்டா.

வினாக்கள் சில

யாரேனும் ஒரு போத்தலைக் கொண்டுவந்து நீட்டினால் நான் கேட்பன இவை. இது யாரிடம், எத்தனை பேரிடம், எவ்வளவு காலம் சோதிக்கப்பட்டது? வெற்றுக் குளிசையோடு ஒப்பிட்டார்களா? உள்ளே இருப்பது இன்னதென்றும் இவ்வளவென்றும் வெளியே எழுதியுள்ளதா? நான் உண்ணும் குளிசையோடு சேர்ந்தால் என்ன விளையும்? இதற்காகும் காசு மீனுக்கும் கீரைக்கும், பரிசோதனைக்கும் ஆகாதா? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னும் அதனை உண்ண விரும்புவோர், வைத்தியரிடம் மறைக்காது கூறுவாராக. குளிசையோடு பாகற்சாறும் சேர்ந்து சீனியை அளவுக்கு மிஞ்சி இறக்கலாம். 70-க்குக் கீழ் இறங்கினால் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றும். அந்நேரத்தில் மூன்று தேக்கரண்டிச் சீனியைக் கரைத்துக் குடித்துக் கால்மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே வைத்தியசாலை சேர்க்க வேண்டும். எந்த மருந்தைத் தொடங்கினும், வைத்தியர் தந்த குளிசையையும் ஊசியையும் தாமாக நிறுத்துதல் கூடவே கூடாது. நிறுத்தச் சொல்பவன் எவனாயினும் அவன் வைத்தியன் அல்லன்.

மாறும் என்னும் சொல்லுக்கும் ஒரு விடை உண்டு. 2017-இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்றில், நோய் கண்டு ஆறு ஆண்டுக்குட்பட்டோர் வைத்தியர் மேற்பார்வையிற் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தபோது, ஓராண்டில் 46 வீதத்தினர் குளிசையின்றியே நீரிழிவின் எல்லைக்குக் கீழ் இறங்கினர். அவ்வறிஞர் அதனைக் குணம் என்று கூறவில்லை. தணிவு என்றே கூறினர். எடை மீண்டால் நோயும் மீளும் என்பதையும் மறைக்கவில்லை. நேர்மையான நம்பிக்கை இப்படித்தான் பேசும்.

19-ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்கினார். அவர் தொடங்கிய பணியை நாம் தொடர்ந்து செய்திருப்பின், இன்று தூள் விற்பவன் பேசும் அளவுக்குத் தெளிவாக மருத்துவ உண்மையும் தமிழிற் பேசும். வைத்தியருக்கு மூன்று நிமிடமே உண்டு. ஆசிரியருக்கு நாற்பது நிமிடப் பாடவேளை உண்டு. ஒரு விளம்பரத் தாளை வகுப்பறைக்குக் கொண்டுசென்று, உதவும் என்பதற்கும் உதவக்கூடும் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவருக்குக் காட்டுவோமாயின், அது இலக்கணப் பாடமாகவும் அமையும். அவர்தம் தாய் தந்தையரின் காலைக் காக்கும் பாடமாகவும் அமையும்.